கேட் போட்ட நேரம்

கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயிலுக்கு முடிவே கிடையாது.
ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணிய அன்று
ஐம்பத்தொன்பதாவதில் முதல் வரி வந்தது.
முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் தண்ணி லாரி,
நடுவில் என் ஸ்கூட்டி.
போனை வாய்க்கருகே வைத்து முனகினேன்.
பக்கத்து பைக்காரர்
வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
நல்ல மனிதர்.

அப்படிச் சேர்ந்தவை நூற்றுப் பதினேழு.
எல்லாவற்றின் கடைசியிலும் ஒரே ஆரன்:
திறந்துட்டாங்க, நகரு என்று
எனக்குப் பின்னால் ஒரு ஊர்.

பகலில் ராஜாஜி சாலையில்
கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்.
யாரோ வரவழைத்த பொம்மை, யாரோ வரவழைத்த டைல்ஸ்,
எடை, மதிப்பு, வந்த நாடு என்று
தட்டிக்கொண்டே இருப்பேன்.
பாட்டை வெளியிடும் படிவமும்
கிட்டத்தட்ட அதையேதான் கேட்டது:
பெயர், வகை, மொழி, உரிமை யாருக்கு.
கடைசிக் கட்டத்தில்
என் பெயரை நானே அடிக்கும்போது
விரல் கொஞ்சம் நின்றது.
சம்பூரணி.
பள்ளிக்கூடத்தில் ஷாம்பு என்று கூப்பிட்டார்கள்.
"மாத்திடு, ரெண்டெழுத்துல வை" என்றான் இம்தியாஸ்.
மாற்றவில்லை.
இந்தப் பெயரில் வேறு யார் பாடப்போகிறார்கள்?

இம்தியாஸின் மாமாவுக்கு மண்ணடியில் பேப்பர் குடோன்.
ராத்திரி பதினொன்றுக்கு மேல் அதுதான் ஸ்டூடியோ.
நாலு பக்கமும் கூரை வரை நோட்டுக் கட்டு,
நடுவில் ஒரு ஸ்டூல், ஒரு மைக்.
எழுதாத தாள் சத்தத்தை எப்படிக் குடிக்கும் என்று
அங்கேதான் பார்த்தேன்.
ஜூனில் பள்ளி திறந்து
கட்டெல்லாம் கடைக்குப் போய்விட,
வெறும் சுவரில் பட்டு
என் குரல் என்னிடமே திரும்பி வந்தது.
அந்த எதிரொலியை
எந்த சாஃப்ட்வேரில் போட்டீர்கள் என்று
இன்னும் கேட்கிறார்கள்.

நுங்கம்பாக்கத்தில், ஏசி அறையில், ஒருவர்
முதல் நிமிஷத்தோடு நிறுத்திவிட்டார்.
"நீங்க நார்த் மெட்ராஸ்தானே?
அந்த அடி இல்லையே."
மேசையில் விரலால் தட்டிக் காட்டினார்
என் தெருவை எனக்கே.
எங்கள் தெருவில் அந்த அடி உண்டு.
சாவுக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு.
நான் எழுதியது
இரண்டுக்கும் நடுவில் வருகிற செவ்வாய்க்கிழமை.
அதைச் சொல்லத் தெரியாமல்
காபியை முழுசாகக் குடித்துவிட்டு வந்தேன்.

ஆறு மாதம் கழித்து பேங்க் மெசேஜ்.
முப்பத்தெட்டாயிரம் தடவை ஓடியதற்கு
ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் சொச்சம்.
இம்தியாஸ் பாதியை வாங்க மறுத்தான்,
அப்புறம் வாங்கிக்கொண்டான்.
என் பாதியில் ஸ்கூட்டிக்கு பிரேக் ஷூ.
அம்மா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து
"இதுவா பாடிச்சு?" என்றாள்.

இன்றைக்கு மழை. கேட் போட்டிருக்கிறது.
பக்கத்து ஷேர் ஆட்டோவில்
ஸ்டான்லி ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி,
நைட் டியூட்டி கண்ணோடு
கம்பியில் தலை சாய்த்து முணுமுணுக்கிறாள்.
என் பாட்டு.
நீ போன பின்னே நிறையும் நேரம்
என்று நான் மூன்று வாரம் அடித்துத் திருத்திய இடத்தில்,
நீ போன பின்னே தரையில் ஈரம்
என்கிறாள்.
தப்பு.
தப்புதான்.
ஆனால் அந்தத் தரையை
எனக்கு இப்போது தெரிகிறது,
கதவு வரை போய் நிற்கும் பாதங்களோடு.

சனிக்கிழமை பெரம்பூரில், ஒரு மொட்டைமாடியில் பாடுகிறேன்.
இப்படித்தான் பாடப்போகிறேன்.
உரிமை யாருக்கு என்ற கட்டத்தில்
எழுத அவள் பெயர் தெரியாது.
கேட்கலாம் என்று
ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குகிறேன்.
பின்னால் ஆரன் அடிக்கிறார்கள்.